மேல்வீட்டுக்காரர் சாப்பிட இறங்கி வந்தார்

பெரிய கட்டடம் கட்டுகிற இடத்தில் உச்சியில் ஒரு நீளமான கையை நீட்டிக்கொண்டு டவர் கிரேன் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அவருக்குக் கீழே தரையில் நிற்கிற சிக்னல்காரன். தூக்கு, இறக்கு, வலது, இடது, நில் என்று வாக்கி-டாக்கியில் சொல்வது என் வேலை, சொன்னபடி செய்வது அவர் வேலை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஆள் தலைக்கும் சிமெண்டு மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஏழு வருஷம் என் வாய்தான் அவருக்குக் கண்.

ஏழு வருஷம் என்றால் ரொம்பப் பழக்கம் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே அவர் ஏறிவிடுவார். நாங்கள் கை கால் கழுவிக் கிளம்பிய பிறகு இறங்குவார். அறுபது மீட்டர் ஏணி, ஏற ஒரு கால் மணி, இறங்கப் பத்து நிமிஷம். பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர், காலி பாட்டில் ஒன்று. காலி பாட்டில் எதற்கென்று கேட்காதீர்கள், மேலே கழிப்பறை கிடையாது. மத்தியானம் இரண்டு லோடுக்கு நடுவில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். சைட்டில் அவருக்கு வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள ஆள் கீழே இருந்தால்தானே.

டவர் கிரேன் ஓட்டுகிறவர்கள் யாருமே சாப்பாட்டுக்கு இறங்குவதில்லை. இறங்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது ஒரு மானப் பிரச்சினை. இறங்கினால் முட்டி போய்விட்டது, வயதாகிவிட்டது என்று பேச்சு வரும். இவருக்கு அப்போது ஐம்பத்தொன்று.

வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மத்தியானம் தொடங்கி ராத்திரி முடிகிற ஷிப்டு. இவர் கிளம்பும்போது அந்த அம்மா தூங்கும், அது திரும்பும்போது இவர் தூங்குவார். மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள், மகன் படிப்புக்காக விடுதியில். ஆக, காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் மனுஷன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக என்று அவரும் எண்ணவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் எல்லாம் வெளியே வந்தது.

வாக்கி-டாக்கியில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டால்தான் அடுத்தவர் பேசுவது கேட்கும். சிமெண்டுத் தூசி போய் அவருடைய பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், நாங்கள் என்ன கத்தினாலும் அவருக்குக் கேட்காது. முதலில் டப்பா மூடி திறக்கிற சத்தம் வந்தது. பிறகு அவர் குரல்.

"சாப்பிட்டாச்சா?"

"இப்பத்தான் உக்காந்தேன்."

"உப்பு சரியா இருக்கா?"

"கொஞ்சம் தூக்கல். பரவால்ல."

"மெதுவா சாப்பிடுங்க. யாரு தொரத்துறா?"

போனில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, கேள்வியும் அவர் குரல், பதிலும் அவர் குரல். சைட்டில் பன்னிரண்டு வாக்கி-டாக்கி செட்டுகள். மேஸ்திரி, இன்ஜினியர், கம்பி கட்டுகிறவர்கள் என்று அத்தனை பேர் இடுப்பிலிருந்தும் மேல்வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் சிரித்தார், அது அப்படியே பரவியது. நானும் சிரித்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பொண்ணு போன் பண்ணாளா?"

"பண்ணா."

"என்னக் கேட்டாளா?"

கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இல்ல. கேக்கல."

அதற்குப் பிறகு என் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய் இரண்டு கையையும் அகல விரித்து 'நில்' என்று காட்டினேன். சாப்பிடுகிற மனுஷன் கீழே பார்ப்பாரா? கடைசியில் ஒரு கம்பித் துண்டை எடுத்துக் கிரேனின் அடிக்காலில் ஓங்கி நாலு அடி அடித்தேன். இரும்பு வழியே சத்தம் மேலே போனது. கூண்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நான் செட்டைத் தூக்கிக் காட்டினேன். தலை உள்ளே போனது, கொஞ்ச நேரத்தில் செட்டின் இரைச்சலும் நின்றது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகாமல் ஏணிக்கடியில் நின்றேன். இறங்கி வந்து கையுறையைக் கழற்றினார். எவ்வளவு நேரம் கேட்டது என்றார். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும் என்றேன்.

"பொய் சொல்லாத தம்பி. நீ அடிச்சப்ப டப்பா காலி."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நான் பேசறேன்னே எனக்குத் தெரியாது. மனசுக்குள்ள நெனச்சிக்கிட்டு இருக்கேன்னுதான் நெனச்சேன்."

எனக்கு ஆறுதல் பேச்செல்லாம் வராது. "புது செட்டு வாங்கித் தரச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மறுநாள் மத்தியானம் மணி அடித்ததும் செட்டில் குரல் வந்தது. "கீழே, நான் இறங்கறேன்."

உடம்புக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். "என்ன செய்யுது அண்ணே?" என்று கேட்டேன். "பசிக்குது" என்றார்.

சும்மா எழுந்து வந்துவிட முடியாது. கொக்கியை உச்சி வரை ஏற்ற வேண்டும், உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், காற்றடித்தால் கிரேனின் கை தன்பாட்டில் திரும்பிக்கொள்ளும்படி பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். சாப்பாட்டு இடைவேளை முக்கால் மணி. இத்தனையும் செய்து, இறங்கி, திரும்ப ஏறவும் நேரம் கழித்தால் அவருக்குத் தரையில் மிஞ்சுவது பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காக அறுபது மீட்டர் இறங்கி, டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் சாப்பிடுகிற தகரக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவன் நிற்பதுபோல நின்றார்.

கம்பி கட்டுகிறவர் ஒருவருக்கு வாய் சும்மா இருக்காது. "மேல்வீட்டுக்காரரே, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். நாலு பேர் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்கள். இவர் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராகப் போய் அந்தக் கம்பிக்காரர் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இருக்கு. உங்களுதுல எப்படி?"

கம்பிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. தன் டப்பாவை இவர் பக்கம் நகர்த்தினார். இவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரியா இருக்கு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டார், எழுந்தார், ஏறினார்.

அன்றோடு விட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஆனால் மனுஷனுக்குப் பேசவே தெரியவில்லை. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழேயிருந்து என்ன சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள், தப்பாகக் கேட்டுவிடக் கூடாதே என்று. முப்பது வருஷப் பழக்கம், சாப்பாட்டிலும் அதையே செய்தார். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற அக்காதான் எங்கள் கொட்டகைக்கு ராணி. அது ஒரு நாள் தன் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி வந்த கதையைச் சொன்னது. "மூட்டுவலி, சரி" என்றார் இவர். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றது. "நடக்கணும், சரி" என்றார். சொல்லிவிட்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பதுபோல முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, நான் கதை சொல்றேன். லோடு தூக்கச் சொல்லல."

கொட்டகையே சிரித்து உருண்டது. அவரும் சிரித்தார். ஏழு வருஷத்தில் அவர் சிரிக்கிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி இருந்தது.

அதன் பிறகு அவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். இறங்கும்போதே இன்றைக்கு யாரிடம் என்ன கேட்பது என்று முடிவு செய்துகொள்வாராம். ஒரு நாளைக்கு ஒரு ஆள், ஒரு கேள்வி. கேட்டுவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசிப் படி வருவதற்குள் கேள்வி கிடைக்காவிட்டால் அங்கேயே நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்குவார். இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். இது என்ன பள்ளிக்கூடப் பாடமா என்று நான் கேட்டேன்.

"ஆமா. பாடம்தான். எனக்கு மறந்து போச்சு, திரும்பப் படிக்கிறேன். இப்ப விட்டா அறுபதுல எனக்குப் பேசவே வராது."

நல்லதாகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். அவர் இறங்குவதால் எரிச்சல்பட்டவர்களில் நானும் ஒருவன். முன்பெல்லாம் அவர் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டதால் கிரேன் சும்மா நின்றதே இல்லை. இப்போது தினமும் முக்கால் மணி நின்றது. மேஸ்திரி அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார், நான்தானே கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறேன். கான்கிரீட் போடுகிற நாட்களில் பாதியில் நிறுத்த முடியாது. அந்த நாட்களில் மூன்று மணிக்கு இறங்குவார், நானும் அதுவரை பட்டினியாகக் காத்திருப்பேன். அவருடைய முட்டி வீங்கியது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். மழை நாளில் ஏணி வழுக்கும். ஒரு நாள் நானே சத்தம் போட்டுவிட்டேன், "ஒரு நாள் மேலேயே சாப்பிட்டா என்ன கொறஞ்சிடும் அண்ணே?" என்று. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி, என் முன்னால் வந்து நின்ற பிறகுதான் பதில் சொன்னார். ஒரு நாள் மேலே உட்கார்ந்துவிட்டால் மறுநாள் உட்காருவது சுலபமாகிவிடும் என்றார்.

அந்த மாதத்தில் தகரத்தில் கையைக் கிழித்துக்கொண்டு நான் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைப் பிரிவின் பின்வாசலில் மேல்வீட்டுக்காரர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. எனக்கு அண்ணியை அதுவரை போட்டோவில்தான் தெரியும். அண்ணன் எனக்குத் தண்ணீர் பிடித்துவரப் போனபோது அண்ணி சொன்னது. தனக்கு ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு உண்டாம். இப்போதெல்லாம் இவர் வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பத்து நிமிஷத்துக்கு வந்துவிடுகிறாராம்.

"மொத நாள் வந்து நின்னப்ப வேலை போயிடுச்சோன்னு பயந்துட்டேன். 'இன்னிக்கு என்ன துவைச்ச?'ன்னு கேக்கறாரு. ஆஸ்பத்திரில என்னத்தத் துவைப்பாங்க? ரெண்டு வாரத்துல எங்களுக்குள்ள சண்டையே வந்துடுச்சு, மகன் படிப்பு விஷயமா. கல்யாணமான புதுசுல போட்டதுக்கு அப்புறம் இப்பத்தான் போடறோம். நல்லா இருக்கு."

சண்டை நல்லா இருக்கு என்று சொன்ன பெண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறம் மூன்று மணிப் பட்டினியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. கட்டடம் உயர உயர கிரேனையும் உயர்த்த வேண்டும். அடுத்த மாதம் இன்னும் முப்பது மீட்டர் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்தது. தொண்ணூறு மீட்டர். இறங்கி ஏறவே முக்கால் மணி போய்விடும். இறங்கினால் சாப்பிட முடியாது, சாப்பிட்டால் ஏற முடியாது. இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டார், என்னையும் வரச் சொன்னார். மேலே புது நாற்காலி போட்டுத் தருகிறோம், மின்விசிறி வைக்கிறோம், இந்த இறங்குகிற வேலை மட்டும் வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். இவ்வளவு உயரக் கிரேனுக்கு அனுபவமுள்ள ஆள் இவரைத் தவிர இல்லை. எங்கள் தொழிலில் உயரம்தான் பெருமை. தொண்ணூறு மீட்டர் ஓட்டினவர் என்றால் அந்தப் பேச்சு ஆளுக்கு முன்னால் போகும்.

இவர் யோசிக்கக்கூட இல்லை. ஊருக்கு வெளியே நம் கம்பெனியின் சரக்கு யார்டு இருக்கிறதே, அங்கே சக்கரம் வைத்த சின்னக் கிரேன் ஒன்று ஆள் இல்லாமல் நிற்கிறதாமே, அதற்கு என்னை மாற்றிவிடுங்கள் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டிக்கு டவர் ஆட்கள் வைத்த பெயர் தள்ளுவண்டி. லாரியிலிருந்து சாமானை இறக்கி வைக்கிற வேலை. டவரிலிருந்து தள்ளுவண்டிக்கு யாரும் கேட்டுக்கொண்டு போவதில்லை, அனுப்பித்தான் வைப்பார்கள். இன்ஜினியருக்கும் புரியவில்லை. பயமாக இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டார். மேலே போகப் போகச் சிலருக்கு அப்படி ஆகுமாம், வெட்கப்பட ஒன்றுமில்லையாம். மாறுதல் தாளில் மருத்துவக் காரணம் என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றார்.

"எனக்கு உடம்புக்கு ஒன்னும் இல்ல சார். பயமும் இல்ல. மத்தியானம் ஆளுங்களோட உக்காந்து சாப்பிடணும். அதைத்தான் எழுதணும்."

இதையெல்லாம் காரணம் என்று எழுத முடியாது என்றார் இன்ஜினியர். வெளியே கான்கிரீட் லாரி இரண்டு வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இவர் முரண்டு பிடித்து உட்கார்ந்திருந்தால் இவர் சொன்னதை அப்படியே இன்ஜினியர் எழுதியிருப்பார். இவர் எழுந்துவிட்டார். கான்கிரீட் வீணாகிவிடும், அதை முடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் தாளைத் தயார் பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஏறப் போய்விட்டார்.

கான்கிரீட் முடிந்து அவர் இறங்கி வந்தபோது தாள் மேஜைமேல் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று போட்டிருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பேனாவை வாங்கி அதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் இருந்த காலி இடத்தில், என்னைப் போலவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட கையால், பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: 'மத்தியானம் ஆட்களோடு சாப்பிட'. கீழே கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

சைட்டில் என்ன பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறதாம், கிரேனில் ஒரு நாள் மயங்கிவிட்டாராம், இப்படி ஆளுக்கொன்று. காதில் விழுந்ததை நான் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பயந்துட்டான்னுதானே சொல்றாங்க? சொல்லட்டும். சொல்றது கேக்கற தூரத்துல இருக்கேன்ல?"

அவர் போன இரண்டாம் வாரம், எனக்கு விடுமுறை நாளில், யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய மைதானம், வரிசையாக லாரிகள், நடுவில் அந்தச் சின்னக் கிரேன். தரையிலிருந்து இரண்டே படி ஏறினால் அவருடைய நாற்காலி. அங்கே எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்துப் போனாராம். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு டிரைவரும் தன் தன் லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை எதிரே நிறுத்தி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அவரவர் கூண்டு அவரவருக்கு. முதல் நாள் கிரேன் படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள் வீட்டிலிருந்து ஒரு தார்ப்பாய் எடுத்துப் போய்க் கிரேன் நிழலில் விரித்தார். பிறகு ஒவ்வொரு லாரியாகப் போய்க் கதவைத் தட்டினார். என்ன விஷயம், சங்கமா, கையெழுத்து வேண்டுமா என்று ஒரு டிரைவர் கேட்டாராம். இல்லை, சாப்பிட என்றாராம். அன்று யாரும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நாலாம் நாள் ஒரு டிரைவர் வந்தார், போன் உடைந்துபோய்விட்டதாம்.

நான் போன அன்று தார்ப்பாயில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே புதிதாக வந்த ஒரு மேம்பாலத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னையும் உட்காரச் சொல்லி, தன் டப்பா மூடியில் எனக்குப் பாதியைப் போட்டார். போட்டுவிட்டு அவர் உட்காரவில்லை. இன்னும் நாலு லாரி பாக்கி என்றார். சோறு ஆறிவிடும், இருக்கிறவர்களோடு சாப்பிடுங்கள் அண்ணே என்றேன். காதில் வாங்கவே இல்லை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார். முட்டிவலியில் கால் கொஞ்சம் இழுத்தது.

முதல் லாரியின் கதவைத் தட்டினார். கண்ணாடி நாலு விரல் இறங்கியது. அந்த டிரைவர் சாப்பிட்டாயிற்று என்று சொன்னது எனக்கே கேட்டது.

"சரி, தண்ணி குடிக்கவாவது வாங்க."

கண்ணாடி ஏறியது. அவர் அடுத்த லாரிக்குப் போனார்.